மோஸார்ட்டில் திரும்ப வேண்டிய இடம்

தர்மன் போன் செய்தபோது விசாலாக்ஷி கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். 1998-ஆம் வருடம், மே மாதம் பதினைந்தாம் தேதி. பொக்ரானில் அணுகுண்டு வெடித்து நான்கு நாள் ஆகியிருந்தது. முனிர்கா டி.டி.ஏ. ஃப்ளாட்டின் மூன்றாவது மாடியில் குடியிருப்பவர்களுக்கு அதைவிட வெயில்தான் பெரிய சமாசாரமாக இருந்தது.

"விசாலாச்சியம்மா, ஒண்ணு கேக்கப் போறேன். மாட்டேன்னு மட்டும் சொல்லிராதிய," என்றார் தர்மன்.

தர்மன் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். விமானப்படையில் பாண்டு மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு ஊர் திரும்பாமல் தில்லியிலேயே தங்கி, இருபத்திரண்டு பேரைச் சேர்த்து ஒரு சிறிய மேற்கத்திய இசைக்குழுவை நடத்திக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடங்களில் வயலின் சொல்லித்தருகிறவர்கள், போலீஸ் பாண்டில் கொம்பு ஊதுகிற இருவர், தூதரக அதிகாரிகளின் மனைவிமார்கள், ஒரு பல் டாக்டர் எல்லாம் அதில் உண்டு. விசாலாக்ஷி பியானோ வாசிக்கும் ஹோட்டல் லவுஞ்சுக்கு அவர் மாதம் ஒரு தடவை வருவார். வாசிப்பு முடியும்வரை அசையாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, ஒரு வணக்கம் போட்டுவிட்டுப் போவார். அப்படித்தான் பழக்கம்.

"முப்பதாந் தேதியும் முப்பத்தொண்ணாந் தேதியும் எங்க கச்சேரி. ஐரோப்பாவுல இருந்து ஒருத்தர் வந்து பியானோ வாசிக்கதா இருந்துச்சு. குண்டு வெடிச்சதுல அவங்க கவர்மெண்டுக்குக் கோவம். ஆள அனுப்ப மாட்டோம்னுட்டாங்க. கார்டு அடிச்சுக் கொடுத்தாச்சு, ஹால் எடுத்தாச்சு. நீங்கதான் வந்து வாசிக்கணும்."

"என்ன வாசிக்கணும் சார்?"

"மொதல்ல பாக். இடைவேளைக்கு அப்புறம் மோஸார்ட். டி மைனர் கன்செர்ட்டோ."

விசாலாக்ஷி கையிலிருந்த பிளாஸ்டிக் மக்கைக் கீழே வைத்தாள். "சார், நான் ஜாஸ் வாசிக்கறவ."

"தெரியும். ஒம்பது வருசம் கிளாசிக்கல் படிச்சதா நீங்கதான சொன்னிய? அந்த மோஸார்ட்டையும் படிச்சிருக்கேன்னு சொன்னிய."

சொன்னது உண்மைதான். அந்தப் படிப்பை ஏன் விட்டாள் என்பதை அவள் சொல்லவில்லை. அவரிடம் மட்டுமல்ல, யாரிடமும் சொன்னதில்லை. இப்போதும் அதைச் சொல்லாமல் மறுக்க ஒரு காரணம் தேடினாள். கிடைக்கவில்லை. "பாக்கலாம் சார்," என்று வாய் சொல்லிவிட்டது. தர்மன் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, இசைக்குறிப்பு நோட்டுப் புத்தகங்களை மறுநாளே கொடுத்தனுப்புவதாகச் சொல்லி போனை வைத்துவிட்டார்.

விசாலாக்ஷிக்கு முப்பத்தொன்பது வயது. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அப்பா ஒரு அமைச்சகத்தில் ஸ்டெனோகிராபர். படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பியானோ இருந்தது. எட்டு வயதில் அதன் முன்னால் உட்கார்ந்தவள் பதினேழு வயதுவரை எழுந்திருக்கவில்லை. பதினேழாவது வயதில் லண்டனிலிருந்து வந்த ஒரு தேர்வாளர் முன்னால் மோஸார்ட்டின் சொனாட்டா ஒன்றை வாசித்தாள்.

அந்த மாதிரி இசையில் ஒரு சிக்கல் உண்டு. முதல் பகுதியில் வரும் ஒரு மெட்டு கடைசிப் பகுதியில் மறுபடியும் வரும். சுரத்துக்குச் சுரம் அதே மாதிரி ஆரம்பிக்கும். முதல் தடவை அது ஒரு பக்கம் திரும்பும். இரண்டாவது தடவை வேறு பக்கம் திரும்பி முடிவை நோக்கிப் போக வேண்டும். திருப்பத்தைத் தவறவிட்டால் வாசிப்பவர் மறுபடியும் நடுவுக்கே வந்து சேருவார். அன்று விசாலாக்ஷி தவறவிட்டாள். சுற்றி வந்து மறுபடியும் அதே இடத்துக்கு வந்தாள். மறுபடியும் தவறவிட்டாள். மூன்றாவது சுற்றில் கை தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கே வெளியேறுவது என்று அவளுக்குச் சுத்தமாகத் தெரியவில்லை. தேர்வாளர் மேஜை மேல் இருந்த மணியை ஒரு தட்டுத் தட்டி, "போதும், நன்றி," என்றார்.

வீட்டில் ஃபெயில் என்று மட்டும் சொன்னாள். இரண்டு வருடம் பியானோவைத் தொடவில்லை. பிறகு காலேஜில் ஒரு பையன்கள் கூட்டம் ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டு அதில் போய் ஒட்டிக்கொண்டாள். அங்கே தவறான திருப்பம் என்று ஒன்று கிடையாது. தப்பாக விழுந்த விரலை வேண்டுமென்றே இன்னொரு தடவை வைத்தால் அது சரியாகிவிடும். பன்னிரண்டு வருடமாக ஹோட்டல் லவுஞ்சில் வாரம் ஐந்து மாலை வாசிக்கிறாள். 'ஒரே பாட்டை இரண்டு நாள் ஒரே மாதிரி வாசிக்க மாட்டாள்' என்று எல்லோரும் மெச்சுவார்கள். மாட்டாளா, முடியாதா என்பது அவளுக்கே சந்தேகம்.

சாயங்காலம் ஆபீசிலிருந்து வந்த கணவன் சுந்தரேஷ் விஷயத்தைக் கேட்டதும், சட்டை நனைந்திருந்ததைக்கூட மறந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் லோதி ரோட்டில் ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் கணக்குப் பிரிவு அதிகாரி.

"அரே வா! ஆர்கெஸ்ட்ராவோடயா? ரெண்டு நாளா?"

"இன்னும் சரின்னு சொல்லலை."

"சொல்லாம? ஆபீஸ்ல எல்லாரையும் கூட்டிண்டு வரேன் பாரு."

மறுநாள் பதினான்கு பேர் பெயரை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தான். சீஃப் மேனேஜர் மனைவியோடு வருவதாக இருந்தது. அந்தத் தாளைப் பார்த்ததிலிருந்து விசாலாக்ஷிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

காலையில் ஹோட்டலின் பெரிய ஹாலில் இருந்த பியானோவில் பழகிக்கொள்ள மேனேஜர் அனுமதி கொடுத்தார். அது கல்யாண சீசன். அவள் வாசிக்கும்போதே ஏணி போட்டு ஏறி, சாமந்தி மாலைகளைத் தொங்கவிட்டுக்கொண்டிருப்பார்கள். வீட்டில் இருந்தது ஒரு எலக்ட்ரானிக் கீபோர்டு; கரண்ட் போனால் அது ஊமையாகிவிடும். அந்த மே மாதத்தில் கரண்ட் போகாத மத்தியானமே கிடையாது. அப்போதெல்லாம் சாப்பாட்டு மேஜை மேல் விரல்களை ஓடவிட்டுப் பழகினாள்.

முதல் ஒத்திகை புசா ரோடு பக்கம் ஒரு பள்ளிக்கூட ஹாலில். கோடை விடுமுறை ஆதலால் பெஞ்சுகளை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். முதல் வயலின் இந்திராணி பாசு. சித்தரஞ்சன் பார்க்கிலிருந்து வருகிறவர், ஐம்பத்தாறு வயது, நரைத்த முடியை இறுக்கி முடிந்திருப்பார். அவர் சொல்லுக்குத்தான் மற்ற வயலின்காரர்கள் கட்டுப்படுவார்கள். பாக் நன்றாகவே போனது. இடக்கை நில்லாமல் நடந்துகொண்டே இருக்கும் அந்த இசை ஜாஸ்காரிக்கு அந்நியமாக இல்லை. மோஸார்ட்டில் பியானோ நுழைந்து பத்தாவது நிமிடத்தில் இந்திராணி வில்லைத் தூக்கினார். எல்லோரும் நிறுத்தினார்கள்.

"மேடம், அந்த ஓட்டத்தில் ஒவ்வொரு சுரமும் சமமா இருக்கணும்," என்றார் இந்தியில். "நீங்க நொண்டிக்கிட்டு வாசிக்கிறீங்க."

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். விசாலாக்ஷியின் காது சூடாகியது. இருபது வருடமாக ஜாஸில் ஊறிய விரல்கள். ஒன்றை நீட்டி ஒன்றைக் குறுக்கித்தான் அவற்றுக்குப் பழக்கம். அன்றிலிருந்து தாளம் தட்டும் மெட்ரோனோமை வைத்துக்கொண்டு தினம் மூன்று மணி நேரம் அந்த நொண்டலைத் தட்டி நிமிர்த்தினாள். ஒரு வாரத்தில் அது சரியாகிவிட்டது. இந்திராணி ஒரு தடவை தலையைக்கூட அசைத்தார்.

அவளை அரித்தது அது இல்லை. பியானோவும் குழுவும் மாறி மாறிப் பேசும் அந்தக் கன்செர்ட்டோவின் முதல் பாகத்திலும் ஒரு திருப்பம் இருந்தது. புல்லாங்குழலும் ஓபோ என்ற ஊதுகுழலும் ஒரு சின்ன வாக்கியம் கேட்கும், பியானோ பதில் சொல்லும், மறுபடியும் கேட்கும், மறுபடியும் பதில். முதல் தடவை அந்த உரையாடல் முடிந்ததும் பியானோ எஃப் மேஜரில் ஒரு வெளிச்சமான மெட்டை எடுக்க வேண்டும். அந்தப் பாகத்தின் கடைசிப் பகுதியில் அதே உரையாடல், அதே கேள்வி, அதே பதில். ஆனால் அது முடிந்ததும் அந்த மெட்டை டி மைனரில், துக்கமாக எடுக்க வேண்டும்.

ஒத்திகைகளில் பன்னிரண்டு தடவை அந்த இடத்தைக் கடந்தாள். பன்னிரண்டு தடவையும் சரியாகத்தான் திரும்பினாள். ஒவ்வொரு தடவை சரியாகப் போனபோதும் பயம் ஒரு சுற்றுப் பெருத்தது. பஸ்ஸில் நிற்கும்போது மனதுக்குள் வாசித்துப் பார்ப்பாள், ஆர்.கே. புரம் வரும்போது திருப்பம் வரும், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பாள். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருப்பாள், புல்லாங்குழல் கேட்கும். லவுஞ்சில் வாசிக்கும்போதுகூட கை பயந்து பயந்து ஓரமாக நடக்க ஆரம்பித்தது. டிரம்ஸ் வாசிக்கிற லால்ரினா, "தீதீ, உடம்பு சரியில்லையா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான்.

முதல் பாகம் முடியும் தறுவாயில் ஆர்கெஸ்ட்ரா நின்றுவிடும். பியானோ மட்டும் தனியாக வாசிக்கும். கடென்ஸா என்று பெயர். இரண்டு சுரங்களை மாற்றி மாற்றி வேகமாக அதிரவிடும் ஒரு ட்ரில்லோடு அது முடியும். மோஸார்ட் இந்தக் கன்செர்ட்டோவுக்குத் தன் கையால் எழுதியது எதுவும் கிடைக்கவில்லை. வாசிப்பவர் தானே கற்பனை செய்து வாசித்துக்கொள்ளலாம். தர்மன் அவளைக் கூப்பிட்டதற்கே பாதிக் காரணம் அதுதான்.

"அது உங்க எடம். நீங்க எப்பிடி வேணும்னாலும் போங்க, கடைசியில அந்த நீளமான ட்ரில்லப் பிடிச்சா நாங்க உள்ள வந்துருதோம்."

விசாலாக்ஷி பையிலிருந்து மூன்று தாள்களை எடுத்து நீட்டினாள். ஒவ்வொரு சுரமும் பென்சிலால் எழுதியிருந்தது.

தர்மன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "எழுதி வச்சிருக்கியளா? நீங்களா?"

"எழுதி மனப்பாடம் பண்ணிட்டேன் சார். மேடையில யோசிக்க வேண்டாமேன்னு."

"புதுசா அடிச்ச கார்டுல 'மேடையிலேயே கற்பனை செய்து வாசிக்கப்படும்'னு போட்டிருக்கே. எதுக்கும்மா இம்புட்டு பயம்?"

அவள் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள். தர்மன் போகும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். அவருக்கும் கவலை பிடித்துவிட்டது என்று தெரிந்தது.

முப்பதாம் தேதி, சனிக்கிழமை. வெயில் நாற்பத்து நான்கு டிகிரி. மண்டி ஹவுஸ் பக்கத்து அரங்கில் ஏ.சி. முனகிக்கொண்டிருந்தது. மத்தியானம் சுருதி சேர்த்த பியானோ சாயங்காலத்துக்குள் மேல் சுரங்களில் லேசாக இறங்கியிருந்தது. மூன்றாவது வரிசை முழுக்க சுந்தரேஷின் ஆபீஸ். விசாலாக்ஷி மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்து உட்கார்ந்தாள். பியானோவின் ஸ்டாண்டில் எதுவும் இல்லை. கன்செர்ட்டோவின் தனிக் கலைஞர் நோட்டைப் பார்க்காமல் மனப்பாடமாக வாசிப்பதுதான் வழக்கம்.

பாக் போன வேகமே தெரியவில்லை. இடைவேளையில் எல்லோரும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, அவள் கைகள் ஜில்லிட்டுப் போயிருந்தன. சூடான டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றாள், குடிக்கவில்லை.

மோஸார்ட் ஆரம்பித்தது. முதல் பகுதியில் எஃப் மேஜர் மெட்டு அழகாக வந்தது. யாரோ முன்வரிசையில் பெருமூச்சு விட்டது கேட்டது. நடுப்பகுதி கடந்தது. கடைசிப் பகுதி வந்தது. புல்லாங்குழல் கேட்டது. பியானோ பதில் சொன்னது. மறுபடி கேட்டது. 'இதோ, இப்போது' என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்த அதே நொடியில் கை எஃப் மேஜருக்குப் போய்விட்டது.

கீழே வயலின்கள் டி மைனரில் இருந்தன. இரண்டும் ஒன்றன் மேல் ஒன்று உரசின. அரை நொடிதான் இருக்கும். முன்னால் நின்று குச்சியால் குழுவை நடத்திக்கொண்டிருந்த தர்மனின் இடது கை பொத்தென்று கீழே இறங்கியது. வயலின்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டன. மேடையில் பியானோ மட்டும் ஒலித்தது, தவறான வெளிச்சத்தில், தன்னந்தனியாக.

நிறுத்த முடியாது. நிறுத்தினால் எல்லாம் முடிந்தது. மெட்டு ஓடிக்கொண்டிருந்தது, அது முடியும் இடத்தில் பழைய பாதை அவளை இழுத்துக்கொண்டு நடுவுக்குப் போகும். ஒரு சுற்று, இரண்டு சுற்று. தேர்வு நடந்த பள்ளிக்கூட அறையும் மேஜையும் மணியும் கண் முன்னால் வந்தன. தர்மன் குச்சியை உயர்த்தியபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

லவுஞ்சில் சில நாள் யாராவது வாடிக்கையாளர் குடித்துவிட்டுப் பாட வருவார். பாதிப் பாட்டில் சுருதி மாறுவார். அப்போது அவள் யோசிப்பதில்லை. இரண்டு சுருதிக்கும் பொதுவான ஒரு சுரத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, மற்றதையெல்லாம் மெல்ல நகர்த்துவாள். இப்போதும் அவள் யோசிக்கவில்லை. வலது கையின் சுண்டுவிரல் ஏ சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இடது கை எஃப்பிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்க ஆரம்பித்தது. வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மெட்டின் கடைசி மூன்று சுரங்களையே திருப்பித் திருப்பிப் போட்டு, ஒவ்வொரு தடவையும் சற்றுக் கறுப்பாக்கினாள். எட்டு பார். மோஸார்ட் எழுதாத எட்டுத் தாளக் கட்டங்கள். எட்டாவது பாரின் முடிவில் டி மைனரின் வாசலில் வந்து நின்றாள்.

இந்திராணி பாசு வில்லை உயர்த்தி, தலையை ஒரு வெட்டு வெட்டினார். வயலின்கள் மொத்தமாக உள்ளே வந்தன. புல்லாங்குழல்காரி ஒரு பார் தாமதமாகச் சேர்ந்துகொண்டாள். வண்டி சாலைக்கு வந்துவிட்டது.

அதற்கப்புறம் நடந்தது எதுவும் விசாலாக்ஷிக்கு நினைவில்லை. கடென்ஸாவை எழுதி வைத்தபடி ஒரு சுரம் பிசகாமல் வாசித்திருக்கிறாள். மற்ற இரண்டு பாகங்களும் முடிந்திருக்கின்றன. எல்லோரும் எழுந்து கைதட்டியபோது, பியானோவின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து தலை வணங்கினாள்.

மேடைக்குப் பின்னால் ஒரே கூட்டம். ஓய்வு பெற்ற தூதர் ஒருவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, "அந்தக் கடென்ஸா! அந்த நிமிஷத்தில் பிறந்தது போல இருந்தது," என்றார். சீஃப் மேனேஜரின் மனைவி, மேடையில் பயமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததை ரொம்பப் புகழ்ந்தாள். தர்மன் தூரத்தில் நின்று கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கிட்டே வந்தபோது, "கடந்துட்டோம், விடுங்க," என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் கலைந்தபின் இந்திராணி வயலினைப் பெட்டியில் வைத்துக்கொண்டே இந்தியில் கேட்டார்: "நாளைக்கும் எஃப் மேஜருக்குப் போவதாக உத்தேசமா? முன்னாலேயே சொன்னால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுவேன்."

விசாலாக்ஷிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "தெரியலை. நாளைக்கும் போய்விடும் என்றுதான் பயமாக இருக்கிறது. அப்போது இன்றைக்குப் போலத் திரும்பி வர முடியாதோ என்னவோ."

"நோட்டை வைத்துக்கொள்."

"சோலோயிஸ்ட் நோட்டைப் பார்த்து வாசித்தால் என்ன நினைப்பார்கள்?"

"முப்பது வருஷமாக நான் நோட்டைப் பார்த்துத்தான் வாசிக்கிறேன். யாராவது என்னை ஜெயிலில் போட்டார்களா?" இந்திராணி பெட்டியை மூடினார். அப்புறம் அவள் பக்கம் திரும்பாமலே, "அந்த எட்டு பாரை என்னால் ஜென்மத்துக்கும் வாசிக்க முடியாது. அதையும் சொல்லிவிடுகிறேன்," என்றுவிட்டு நடந்துவிட்டார்.

ஆட்டோவில் வரும்போது சுந்தரேஷ் ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தான். சஃப்தர்ஜங் மேம்பாலம் ஏறும்போதுதான் அவள் பேசாமல் இருப்பதைக் கவனித்தான்.

"என்ன ஆச்சு உனக்கு? பிரமாதமா இருந்துதே."

அவள் சொன்னாள். இன்று தவறியதைச் சொன்னாள். பதினேழு வயதில் தவறியதையும், மணி அடித்ததையும், இருபத்திரண்டு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னாள். ஆட்டோ சத்தத்தில் பாதியைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது.

சுந்தரேஷ் அவள் பக்கம் முழுசாகத் திரும்பி உட்கார்ந்தான். "மூணு சுத்தா?" என்றான்.

"மூணு சுத்து."

"அந்த ஆள் மணி அடிக்கலேன்னா இன்னும் அங்கேயே வாசிச்சுண்டு இருந்திருப்பே."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. கையால் அவன் தோளில் அடித்தாள். அடிக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பு அழுகையானது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "நோட்டை வெச்சுக்கோ. அந்த அம்மா சொன்னது கரெக்ட்," என்றான்.

"பக்கம் யார் திருப்புவா? ரெண்டு கையும் வேலையா இருக்கும். ஆர்கெஸ்ட்ராவில ஒருத்தரும் சும்மா இல்லை."

"நான் திருப்பறேன்."

"உங்களுக்கு நோட்டுப் படிக்கத் தெரியாதே!"

"நீ தலையை ஆட்டு. நான் திருப்பறேன். பதினெட்டு வருஷமா ஃபைல் புரட்டிண்டிருக்கேன், இது தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதும் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி நடந்தது. அவள் மேஜை மேல் விரல்களை ஓட்டுவாள், தலையை ஆட்டுவாள், அவன் எழுந்து திருப்புவான். ஒவ்வொரு பக்கத்தின் மூலையையும் பிடிக்க வாகாகச் சிறிது மடித்து வைத்தான். நடுநடுவே, "இப்பவா? இப்பவா?" என்று கேட்டு அவள் உயிரை வாங்கினான். மத்தியானத்துக்குள் அவளைவிட அவன்தான் அதிகம் வியர்த்திருந்தான். சாப்பிட உட்கார்ந்தவன் மோர் சாதத்தைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்துவிட்டான்.

அன்று சாயங்காலம் கையில் நோட்டுப் புத்தகத்தோடு அவள் மேடைக்கு வந்தபோது, முன்வரிசையில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பின்னாலேயே சுந்தரேஷ், கல்யாணத்துக்குத் தைத்த கோட்டில், குனிந்த தலையோடு வந்து அவளுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். பாக் முடிந்தது. மோஸார்ட்டின் முதல் பாகமும் பாதிக்கு மேல் போயிற்று. அவன் எழுந்து எழுந்து உட்கார்ந்தான். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

கடைசிப் பகுதி நெருங்கியது. திருப்பம் அடுத்த பக்கத்தில்தான் இருந்தது. டி மைனரைச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டு வைத்திருந்தாள். புல்லாங்குழல் கேட்டது. பதில் சொல்லிக்கொண்டே அவள் தலையை ஆட்டினாள். சுந்தரேஷ் எழுந்து திருப்பினான்.

இரண்டு தாள் சேர்ந்து புரண்டது.

அவள் கண் முன்னால் இருந்தது ஏதோ வேறு பக்கம். சுந்தரேஷுக்கும் விளங்கிவிட்டது, நோட்டுப் படிக்கத் தெரியாதவனுக்கும் சிவப்பு வட்டம் இல்லாதது தெரியாமலா போகும்? ஈரமான விரல்களால் இரண்டு தாள்களையும் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நகத்தால் நிமிண்டினான். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அவள் புடவை மேல் விழுந்தது. புத்தகமே ஸ்டாண்டிலிருந்து சரியப் பார்த்தது. அதை முழங்கையால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்படி ஒரு பீதியை அவள் கண்டதே இல்லை. பரவாயில்லை, விடுங்கோ, விட்டுடுங்கோ என்று கண்ணால் சொன்னாள். அவனுக்குப் புரியவில்லை. இன்னும் வேகமாக நிமிண்டினான். அவள் புருவத்தை உயர்த்தி, தலையை லேசாக இல்லை என்று அசைத்தாள். அவன் கடைசியில் கையை எடுத்துவிட்டு, அபிஷேகம் ஆனவன் போல நனைந்து உட்கார்ந்தான்.

அப்போதுதான் விசாலாக்ஷிக்குத் தன் கை டி மைனரில் வாசித்துக்கொண்டிருப்பது காதில் விழுந்தது. திருப்பம் நான்கு பாருக்கு முன்னாலேயே போய்விட்டது. வயலின்கள் அடியில் மெத்தென்று சேர்ந்து வந்துகொண்டிருந்தன. இந்திராணி நோட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

ஆர்கெஸ்ட்ரா நின்றது. கடென்ஸா. எழுதிய மூன்று தாள்களும் அந்தப் புரண்ட பக்கங்களுக்குள் எங்கேயோ இருந்தன. அவளுக்கு அவை தேவையும் இல்லை, மனப்பாடம்தான். முதல் பத்து பாரை எழுதியபடியே வாசித்தாள். பதினோராவது பாரில் விரல் ஒரு சுரம் தள்ளி விழுந்தது. அவள் அதை வேண்டுமென்றே இன்னொரு தடவை வைத்தாள். பிறகு அதன் பின்னாலேயே போனாள். தர்மன் குச்சியை மார்போடு வைத்துக்கொண்டு, ட்ரில் எப்போது வருமோ என்று கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றார். வயலின்காரர்கள் வில்லைத் தூக்கினார்கள், இறக்கினார்கள், மறுபடி தூக்கினார்கள். நேற்று இரண்டு நிமிடத்தில் முடிந்தது இன்று நான்கு நிமிடம் போயிற்று. நடுவில் ஒரு இடம் அவளுக்கே திருப்தியாக இல்லை. அதைச் சரிசெய்யப் போய் இன்னும் கொஞ்சம் நீண்டது. ட்ரில் வந்ததும் எல்லோரும் விழுந்தடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள்.

மற்ற இரண்டு பாகங்களும் முடிந்தபோது கைதட்டல் சனிக்கிழமை அளவுக்கு இல்லை. மறுபடியும் வந்திருந்த தூதர், நேற்றைய கடென்ஸாதான் இயல்பாக இருந்தது, இன்று எழுதி வைத்து வாசித்த மாதிரி இருந்தது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனதாகத் தர்மன் வந்து சொன்னார்.

"நீங்க என்ன நெனச்சீங்க சார்?"

"எனக்கு உயிரு போயி உயிரு வந்துச்சு, ரெண்டு நாளும். டிசம்பர்ல இன்னொண்ணு வச்சிருக்கேன். நாளைக்குப் பேசுதேன்." சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் கொம்புக்காரர்களைத் தேடிக்கொண்டு போய்விட்டார்.

வெளியே வந்தபோது காற்று இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது. சுந்தரேஷ் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"மூலையை மடிச்சு வெச்சேன் இல்லையா, அந்த மடிப்பு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டிண்டுடுத்து," என்றான். "அதான். இல்லேன்னா வந்திருக்கும்."

"பரவாயில்லை."

"இல்லை விசாலி, நான் எல்லாத்தையும் கெடுத்துட்டேன்னு நெனச்சேன். அந்த நேரத்துல உனக்கு எப்படி இருந்திருக்கும்!"

"உங்க மூஞ்சியைப் பாத்துண்டிருந்தேன். வேற எதுவும் தெரியலை," என்றாள் அவள். பிறகு, பதினைந்து நாளாக ஒழுங்காக எதுவும் சாப்பிடாதது சட்டென்று வயிற்றில் தெரிந்தது. "எனக்குப் பசிக்கறது. பெங்காலி மார்க்கெட்ல போய் ஏதாவது சாப்பிடலாம். ஜல்தி, சீக்கிரம்."

இரண்டு தட்டு சோலே பட்டூரே வந்தது. அவள் தன் தட்டை முடித்துவிட்டு அவனுடையதிலும் கை வைத்தாள். அவன் எதிரில் உட்கார்ந்து, பேப்பர் நாப்கின் இரண்டை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, எந்த மடிப்பு எதில் மாட்டியது என்று இன்னும் விளக்கிக்கொண்டிருந்தான்.